உசாத்துணை ஏடு புதுப்பிக்கப்படும் பொழுது

ஆராய்ச்சி செய்வாரது மேசைமீது முன்னாளிலே நீண்ட பெட்டியொன்று காணப்படும். அதனுள்ளே கையகல அட்டைகள் நூற்றுக்கணக்கில் நிரை நிரையாக நிற்கும். நூலாசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பித்த இடம், ஆண்டு, பக்க எண், அந்தப் பக்கத்திலே படித்தவர் மனத்தைத் தைத்த கருத்து ஆகிய யாவும் அவ்வட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். தீயோ கறையானோ தீண்டினாலன்றி அப்பெட்டிக்கு அழிவில்லை. இன்று அந்தப் பெட்டி கணனிக்குள்ளே புகுந்துவிட்டது. கறையான் பயம் ஒழிந்தது. ஆயினும் வேறொரு பயம் வந்து சேர்ந்தது. ஒரு நாட் காலை, ஆய்வேட்டின் இறுதி அத்தியாயத்தை எழுதி முடிக்கும் எண்ணத்தோடு கணனியைத் திறக்கிறார் ஒரு மாணவர். தரவுத்தளம் மேம்படுத்தப்படுகிறது, சில நிமிடங்கள் செல்லலாம் என்று ஒரு வரி திரையிலே தோன்றுகிறது. ஐந்து நிமிடம் செல்கிறது. அரை மணி செல்கிறது. இரண்டு மணியும் செல்கிறது. வரி அசையவில்லை. ஐந்தாண்டுக் காலம் சேர்த்த குறிப்புகள் அந்த ஒற்றை வரிக்குப் பின்னே மறைந்து கிடக்கின்றன.

இத்தகைய வேளையிலே குறிப்புகள் உண்மையில் அழிந்துபோவது மிக அரிது. அழிவு நேர்ந்த இடங்களிலே, அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது மேம்படுத்தல் அன்று. அதனைச் சரிசெய்ய முற்பட்டவரது பதற்றமே. ஏன் அவ்வாறு என்பதை அறிவதற்கு, அந்த வரிக்குப் பின்னாலே கணனி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

நூற்குறிப்புகளைச் சேர்த்துவைத்து, கட்டுரை எழுதும்போது அடிக்குறிப்பாகவும் உசாத்துணைப் பட்டியலாகவும் எடுத்துத் தருகின்ற மென்பொருள்களை உசாத்துணை முகாமைத்துவ மென்பொருள்கள் என்பர். அவற்றுள்ளே உலகெங்கும் பரவிய ஒன்று ஸொட்டேரோ. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலே, வரலாற்றையும் புதிய ஊடகங்களையும் இணைத்து ஆராயும் நிலையம் ஒன்று 2006 ஆம் ஆண்டிலே இதனை வெளியிட்டது. அல்பேனிய மொழியிலே ஒன்றைக் கற்றுக் கைவசப்படுத்துதலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து இதன் பெயர் பிறந்தது. இலவசமாகக் கிடைப்பதாலும், அதன் உள்ளமைப்பு யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருப்பதாலும், பணவசதி குறைந்த மாணவர்களுக்கு இது பேருதவியாயிற்று. ஈண்டுச் சொல்லப்படுபவை ஸொட்டேரோவையே எடுத்துக்காட்டாகக் கொண்டவை. ஏனைய மென்பொருள்களிலே பெயர்கள் மாறுமேயன்றி நோயின் தன்மை பெரிதும் மாறுவதில்லை.

ஸொட்டேரோ தன் செல்வத்தை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. குறிப்புகள், குறிச்சொற்கள், தொகுப்புகளின் ஒழுங்கு, எந்தக் கட்டுரை எந்தத் தொகுப்புக்கு உரியது என்னும் தொடர்பு ஆகிய அனைத்தும் ஒரே ஒரு கோப்பிலே அடங்கும். அதன் பெயர் ஸொட்டேரோ.எஸ்கியூலைட் என்பது. படித்த கட்டுரைகளின் பீ.டி.எப். படிகள் களஞ்சியம் என்று பொருள்படும் பெயருடைய வேறொரு கோப்புறையிலே, எட்டெழுத்துப் பெயர் தாங்கிய சிறு சிறு உறைகளிலே கிடக்கும். ஆதலின் தரவுத்தளம் திறவாவிட்டாலும் கட்டுரைகள் அழிவதில்லை. எது எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அடைவே இல்லாமற்போகிறது. எனினும் இதிலே ஒரு விலக்கு உண்டு. 2022 ஆம் ஆண்டிலே வந்த ஆறாம் பதிப்பு முதலாக, ஸொட்டேரோவின் உள்ளேயே கட்டுரையைத் திறந்து வண்ணந்தீட்டிக் குறித்தவையும் ஓரத்தில் எழுதியவையும் அந்தப் பீ.டி.எப். படியிலே பதியப்படுவதில்லை. அவையும் தரவுத்தளத்திலேயே பதியப்படுகின்றன. இதனை அறியாத பலர், "கட்டுரைகள்தாம் இருக்கின்றனவே" என்று எண்ணித் தரவுத்தளக் கோப்பை அலட்சியமாக நீக்கிவிட்டு, பின்னர் நூலோரக் குறிப்புகள் யாவும் மறைந்தமை கண்டு திகைப்பதுண்டு.

இனி, மேம்படுத்தல் என்பது யாது? கடைக்காரர் ஒருவர் கணக்கேட்டிலே பெயர், பொருள், விலை என மூன்று நிரல்கள் கீறி வைத்திருக்கிறார் என்க. சில ஆண்டுகள் சென்றபின் நான்காவதாகத் திகதிக்கு ஒரு நிரல் வேண்டும் என்று காண்கிறார். பழைய ஏட்டின் ஓரத்தில் ஒரு கோடு கீறி அதனைச் சேர்த்துவிடலாம். ஆனால் நிரல்களின் ஒழுங்கையே மாற்றவேண்டுமாயின், புதிய ஏடு ஒன்றைக் கோடிட்டு, பழைய கணக்கு முழுவதையும் வரி வரியாகப் பெயர்த்தெழுதுவதன்றி வேறு வழியில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு புதிய வசதிகளைக் கொண்டு வருகையில், அவ்வசதிகளுக்கு ஏற்பத் தரவுத்தளத்தின் நிரல்களும் மாறவேண்டியிருக்கிறது. திறக்கும்போதெல்லாம் மென்பொருள் தன் பதிப்பெண்ணையும் தரவுத்தளத்திலே எழுதப்பட்டுள்ள எண்ணையும் ஒப்பு நோக்கும். பின்னது சிறிதாயின் மேம்படுத்தல் தொடங்கும்.

தமிழ் நிலத்துக்கு இவ்வேலை புதியதன்று. செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையிலே படியெடுத்து, சரிபார்த்து, அதன் பின்னர்ப் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே விடும் வழக்கம் நம்மவரிடையே இருந்ததன்றோ. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளப் பொறி செய்வதும் அதுவே. புதிய அட்டவணையை அமைக்கும்; பழையதிலுள்ள பதிவுகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கும்; பழையதை நீக்கும்; புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். இப்பொறியிலே இருக்கும் அட்டவணையிலிருந்து ஒரு நிரலை நேரே நீக்கும் வசதிகூட 2021 ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஆதலின் சிறிய மாற்றமாகத் தோன்றுவதும் உள்ளே பெரும்படியெடுப்பாக முடிவதுண்டு. ஆயிரம் பதிவுகள் உடையவருக்கு இது சில நொடி வேலை. நாற்பதாயிரம் பதிவுகளும், அவற்றோடு கட்டுரைகளின் ஒவ்வொரு சொல்லையும் தேடுவதற்கென அமைந்த சொல்லடைவும் உடையவருக்கு நெடுநேரம் பிடிக்கும். இந்தச் சொல்லடைவே பலருடைய கோப்பைப் பெருக்கச் செய்வது. குறிப்புகள் எழுதுவது கொஞ்சமேயாயினும், பீ.டி.எப். கட்டுரைகளை அள்ளி அள்ளிச் சேர்த்தவரது தரவுத்தளம் நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

எஸ்கியூலைட்டின் பிறப்பு வரலாறு இங்கே சிறிது பயன் தரும். அதனை ஆக்கியவர் றிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர். அமெரிக்கக் கடற்படையின் நாசகாரிக் கப்பலொன்றுக்கு வேண்டிய மென்பொருளிலே அவர் பணியாற்றிய காலத்தில், தரவுத்தளம் தனியே வேறொரு வழங்கியிலே இயங்கியது. அவ்வழங்கி நின்றுபோனால் கப்பலின் மென்பொருளும் பயனற்றுப் போகும். ஆதலின் வழங்கி எதனையும் சாராது, ஒரே கோப்பாகத் தன்னிலே நிற்கும் தரவுத்தளம் ஒன்று வேண்டும் என அவர் எண்ணினார். 2000 ஆம் ஆண்டிலே எஸ்கியூலைட் வெளிவந்தது. இடையிலே மின்சாரம் நின்றாலும், இயக்கம் அறுந்தாலும், தரவு பாதியும் பழுதுமாய் நின்றுவிடாமற் காப்பதற்கு அதிலே ஒரு சிறந்த ஏற்பாடு உண்டு.

அவ்வேற்பாடு பின்வருமாறு. கோப்பின் ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன்னே, அப்பக்கம் இருந்தபடியே அதன் படியொன்றைப் பக்கத்திலுள்ள வேறொரு கோப்பிலே எழுதிவைக்கும். இதற்கு நாளேடு என்று பெயர். தரவுத்தளக் கோப்பின் பெயரோடு ஜேர்ணல் என்ற சொல் ஒட்டியிருப்பதைக்கொண்டு இதனை அறியலாம். மாற்றங்கள் யாவும் முற்றாக நிறைவேறிய பின்னரே நாளேடு தன் பயனை இழக்கும். இடையிலே மின்சாரம் நின்றதாயின், மறுமுறை திறக்கும்போது பொறியானது முடிவுறாத நாளேடு ஒன்று கிடப்பதைக் காணும். அதிலுள்ள பழைய பக்கங்களை எடுத்து மூலக்கோப்பிலே திரும்ப வைக்கும். தரவுத்தளம் மேம்படுத்தல் தொடங்குமுன் இருந்த நிலைக்கு மீளும். ஒன்று முழுதும் நிறைவேறும், அல்லது ஒன்றுமே நிகழாததுபோலாகும் என்பது இதன் நியதி.

இந்த நியதியை அறிந்தவர்க்கு இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலாவது, இரண்டு மணி நேரம் சென்றபின் பொறுமையிழந்து மென்பொருளை வலிந்து நிறுத்துவதால் தரவு பெரும்பாலும் அழிவதில்லை. ஆனால் இரண்டு மணி நேர வேலையும் வீணாகிறது. மறுமுறை திறக்கையில், பழைய பக்கங்களைத் திரும்ப வைக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது, நாளேட்டைத் தேவையற்ற தற்காலிகக் கோப்பென்று கருதி அழிப்பதே மிகப் பெரிய தீங்கு. அவ்வாறு அழித்தால் பாதி மாறிய பக்கங்கள் பாதி மாறியபடியே நின்றுவிடும். அவற்றைப் பழைய நிலைக்குக் கொணரும் சான்று வேறெங்கும் இல்லை.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. அதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழுதான தரவுத்தளத்தை அகற்றிவிட்டு, காப்புப்படி ஒன்றை அவ்விடத்திலே வைக்கும்போது, பழைய நாளேட்டை மட்டும் அங்கேயே விட்டுவிட்டால், பொறி அதனைப் புதிதாய் வைத்த கோப்புக்கு உரியதென்று மயங்கக்கூடும். ஒருவரது ஏட்டின் இதழ்களை மற்றொருவரது ஏட்டிலே செருகியதுபோல, நல்ல படியும் கெடும். ஆதலின் இரண்டு கோப்புகளும் எங்கே சென்றாலும் சேர்ந்தே செல்லவேண்டும். அகற்றும்போதும் சேர்ந்தே அகலவேண்டும்.

ஸொட்டேரோவின் வரலாற்றிலே மேம்படுத்தற் சிக்கல்களுக்கு நல்ல உதாரணமாக விளங்குவது 2017 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வந்த ஐந்தாம் பதிப்பு. அதற்கு முந்திய நான்காம் பதிப்பு 2013 இலே வந்தது. நான்காண்டு வளர்ச்சியினால் வேண்டப்பட்ட மாற்றங்கள் பல ஒருமிக்க வந்து சேர்ந்தன. அன்றியும், அதுவரை ஸொட்டேரோவைப் பலர் பயர்பொக்ஸ் என்னும் உலாவியின் உட்கூறாகவே பயன்படுத்தி வந்தனர். அவ்வாண்டு நவம்பரிலே பயர்பொக்ஸ் பழைய முறையிலமைந்த உட்கூறுகளைக் கைவிட்டது. அதற்கு முன்னரே ஸொட்டேரோ தனி மென்பொருளாகப் பிரிந்து நின்றது. பிரியும்போது வீடும் மாறியது. உலாவியின் அமைப்புக் கோப்புறைகளுக்குள்ளே ஆழத்திலே கிடந்த தரவு, பயனரது சொந்தக் கோப்புறையில் ஸொட்டேரோ என்னும் பெயரோடு புதிய இடத்திலே குடியேறியது. இடமாற்றம் இடையிலே தடைப்பட்டவர்களுக்குப் பழைய வீட்டிலே பொருள் யாவும் இருக்க, புதிய வீடு வெறிச்சோடிக் கிடந்தது. வெறுமையான நூலகத்தைத் திரையிலே கண்டவர்கள் எல்லாம் போயிற்று என்று கலங்கினர். உண்மையிலே ஒன்றும் போகவில்லை. மென்பொருள் பார்த்த இடம் வேறு, பொருள் இருந்த இடம் வேறு.

இந்நிலையிலே உதவும் எளிய சோதனை கோப்பின் பருமனைப் பார்ப்பது. கணனி முழுவதிலும் ஸொட்டேரோ.எஸ்கியூலைட் என்னும் பெயருடைய கோப்புகளைத் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்டவை அகப்படலாம். புதிதாகப் பிறந்த வெறுந்தரவுத்தளம் மிகச் சிறியது. பல்லாண்டுக் குறிப்புகள் அடங்கியது பன்மடங்கு பெரியது. அதனைக் கடைசியாக மாற்றிய திகதியும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். மென்பொருளை அகற்றி மறுபடியும் நிறுவுவதே தீர்வு என்று பலர் கருதுவர். அது வீண் வேலை. மென்பொருள் வேறு, தரவு வேறு. சமையலறையைப் புதிதாய்க் கட்டினாலும் களஞ்சியத்து நெல் கூடவோ குறையவோ மாட்டாது.

தாமதம் என்பது வேறு, தோல்வி என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிதலே முதற் கடமை. திரையிலுள்ள வரி அசையாதிருத்தல் தோல்விக்கு அடையாளம் அன்று. படியெடுக்கும் வேலையிலே மென்பொருள் மூழ்கியிருக்கும்போது திரைக்கு மறுமொழி கூறாதிருப்பது இயல்பே. தரவு உள்ள கோப்புறையைத் திறந்து, நாளேட்டின் பருமன் சில நிமிடங்களுக்கொரு முறை மாறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். கணனியின் பணிகளைக் காட்டும் சாளரத்திலே, ஸொட்டேரோ வன்தட்டிலே எழுதிக்கொண்டிருக்கிறதா என்பதும் தெரியும். எழுத்து நடந்துகொண்டிருந்தால் மின்னிணைப்பைச் செருகி, கணனி உறங்கிவிடாதபடி அமைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுவதே சிறந்த மருந்து. நெடுநேரம் எழுத்தும் இல்லை, கணிப்பும் இல்லை என்றால் மாத்திரமே வேலை நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

தாமதத்துக்குக் காரணம் பல. சுழலும் வன்தட்டு உடைய பழைய கணனி, பக்கங்களை இங்குமங்குமாக எழுதுவதிலே மிக மெதுவானது; திண்ம நிலைத் தட்டு இவ்வேலையைப் பன்மடங்கு விரைவிலே முடிக்கும். நச்சுநிரற் காவலர் மென்பொருள் சில, ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி வைத்துச் சோதிக்கும். வெற்றிடம் குறைந்த தட்டிலே தடை இன்னும் கடுமையானது. மேம்படுத்துமுன் எடுக்கும் காப்புப்படிக்கு ஓரிடம், நாளேட்டுக்கு ஓரிடம், புதிய அட்டவணைகளுக்கு ஓரிடம் எனத் தரவுத்தளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெற்றிடம் இருப்பதே பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, தரவுக் கோப்புறையை ட்ரொப்பொக்ஸ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்புகளுக்குள்ளே வைத்திருப்பது. இரண்டு கணனிகளிலே ஒரே நூலகத்தைப் பயன்படுத்த விரும்பியவர்கள் இதனை ஒரு தந்திரமாகக் கைக்கொள்வர். வேறு சிலருக்கோ, சொந்தக் கோப்புறை முழுவதும் அவர்கள் அறியாமலே இணையச் சேமிப்போடு இணைக்கப்பட்டிருக்கும். அச்சேமிப்புகள் மூலக்கோப்பையும் நாளேட்டையும் வெவ்வேறு நேரங்களிலே எடுத்துச் செல்கின்றன. பத்து மணிக்கு எடுத்த மூலக்கோப்பும் பத்தேகாலுக்கு எடுத்த நாளேடும் மறு கணனியிலே சந்திக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தா. ஸொட்டேரோவை ஆக்கியோரே இவ்வாறு வைத்தல் தகாது என்று வெளிப்படையாக எச்சரித்துள்ளனர். பல்கலைக்கழக வலையமைப்பிலே பகிர்ந்த தட்டிலே வைப்பதும் ஏறக்குறைய இதே ஆபத்து உடையது. கோப்பைப் பூட்டும் முறை அங்கே நம்பத்தக்கதன்று. இவ்வாறான இடத்திலே பல மாதங்கள் கிடந்த தரவுத்தளம் உள்ளே சிறிது சிறிதாகப் பழுதடைந்திருக்கும். அன்றாடப் பயனிலே அப்பழுது தெரியாது. ஒவ்வொரு பதிவையும் தொட்டுப் பெயர்க்கும் மேம்படுத்தல் நாளிலேதான் அது வெளிப்படும். மேம்படுத்தல் பழுதாக்கியது என்று பயனர் கருதுவது இயல்பாயினும், மேம்படுத்தல் முன்னமே இருந்த பழுதைக் கண்டுபிடித்தது என்பதே பெரும்பாலும் உண்மை.

தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஸொட்டேரோவின் முந்திய இயக்கம் முற்றாக முடியாமல் பின்னணியிலே நின்று கோப்பைப் பூட்டி வைத்திருக்கலாம். கணனியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் இது தீரும். கோப்பு வாசிப்புக்கு மாத்திரம் என்று குறிக்கப்பட்டிருக்கலாம். பழைய கணனியிலிருந்து படியெடுத்து வந்தவர்களுக்கு இது நேர்வதுண்டு. தாயில்லாப் பிள்ளைபோல, மூலப் பதிவு நீங்கிய பின்னும் அதற்குரிய கிளைப்பதிவு எஞ்சி நின்று, புதிய அட்டவணையின் கட்டுப்பாட்டுக்கு இணங்க மறுக்கலாம். தோல்வி அறிவிப்போடு மென்பொருள் காட்டும் வாசகத்தை அப்படியே எழுதிவைத்தல் வேண்டும். அவ்வறிக்கையை ஆக்கியோருக்கு அனுப்பினால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண்ணைச் சொல்லி உதவி கேட்பவருக்கே தெளிவான மறுமொழி வரும். "திறக்கவில்லை" என்று மட்டும் கூறுபவருக்கு எவரால் என்ன சொல்ல இயலும்?

மருத்துவம் தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மென்பொருளை மூடி, தரவுக் கோப்புறை முழுவதையும், நாளேடு உட்பட, வேறொரு தட்டிலே படியெடுத்துத் தனியே வைத்தல் வேண்டும். பழுதான தரவுத்தளத்தையா படியெடுப்பது என்று சிரித்தல் ஆகாது. பின்னே செய்யப்படும் ஒவ்வொரு முயற்சியும் அதனை மேலும் மாற்றக்கூடும். முதல் நிலைக்கு மீளுவதற்கு அந்தப் படியே வழி. இணையத்தோடு தானே ஒத்திசையும் ஏற்பாட்டையும் இவ்வேளையிலே நிறுத்திவைத்தல் நன்று.

அதன் பின்னர், கணனியின் சொந்தத் தட்டிலே, இணையச் சேமிப்புக்கு வெளியே தரவுக் கோப்புறையை வைத்து, வெற்றிடம் உண்டா என்று பார்த்து, மறுபடியும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். பாதிப்பேருக்கு மேற்பட்டவர்களுக்கு இதுவே போதும் என்று சொல்லத் துணிய முடியாவிட்டாலும், இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்வது முறையன்று.

இதுவும் பயன்படாதபோது காப்புப்படிகளை நாடவேண்டும். ஸொட்டேரோ தானாகவே இரண்டு வகைக் காப்புப்படிகளை அதே கோப்புறையிலே வைத்திருக்கிறது. பெயரின் முடிவிலே பி, ஏ, கே என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் சேர்ந்தது அன்றாடக் காப்புப்படி. அவ்வெழுத்துகளுக்கு முன்னே ஓர் எண்ணும் சேர்ந்திருந்தால், அது பெரிய மேம்படுத்தலுக்குச் சற்று முன்னர் எடுத்த படி. இரண்டாவதே இங்கே விலைமதிப்பு உடையது. பழுதான மூலத்தையும் அதன் நாளேட்டையும் வேறிடத்துக்கு அகற்றி, காப்புப்படியின் பெயரிலிருந்து பின்னொட்டை நீக்கினால், மென்பொருள் அதனையே தரவுத்தளமாகக் கொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை. மேம்படுத்தப்பட்டுவிட்ட தரவுத்தளத்தைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கக்கூடும். பழைய பதிப்புக்கு மீள விரும்புபவர் எண்ணிட்ட காப்புப்படியோடுதான் மீளவேண்டும்.

காப்புப்படியும் பழுதாயிருந்தால்? அல்லது மிகப் பழையதாயிருந்தால்? அப்பொழுதே எஸ்கியூலைட்டின் சொந்தக் கருவிகளுக்கு வேலை வருகிறது. தரவுத்தளத்தின் ஒருமைப்பாட்டைச் சோதிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அது 'ஓகே' என்று ஒரு சொல்லிலே விடை கூறினால் கோப்பின் உடலமைப்பு நலமாயிருக்கிறது. சிக்கல் பதிவுகளுக்கிடையிலான உறவிலே உள்ளது. நீண்ட குறைப்பட்டியலை நீட்டினால் உடலமைப்பே கெட்டிருக்கிறது. இரண்டாவது நிலையிலே, படிக்கக்கூடிய பதிவுகள் யாவற்றையும் எழுத்து வடிவிலே வெளியே கொட்டுவித்து, அவ்வெழுத்திலிருந்து புதிய தரவுத்தளத்தை வார்த்தெடுக்கலாம். செல்லரித்த பகுதி போக எஞ்சியது கிடைக்கும். கட்டளைகள் தட்டச்சிடப் பழகாதவர்க்கு, ஸொட்டேரோவின் இணையத்தளத்திலேயே தரவுத்தளம் திருத்தும் கருவியொன்று வைக்கப்பட்டிருக்கிறது. கோப்பை அங்கே ஏற்றினால் திருத்திய படியை இறக்கிக்கொள்ளலாம். வெளியார் காணத்தகாத குறிப்புகளை வைத்திருப்பவர், நேர்காணல் அளித்தோரது விவரங்கள் உடையவர் போன்றோர், அவ்வாறு ஏற்றுமுன் ஒருமுறை சிந்தித்தல் தகும்.

இணையத்தோடு ஒத்திசைந்து வந்தவருக்கு இன்னொரு வழி இலகுவாகத் திறந்திருக்கிறது. ஸொட்டேரோவின் வழங்கியிலே அவருடைய பதிவுகள் முன்னரே இருக்கும். வெறுமையான புதிய தரவுத்தளத்தைத் தொடங்கி, தம் கணக்கை இணைத்தால் அவை யாவும் இறங்கிவரும். பதிவுகளுக்கு அங்கே கட்டணமில்லை. பீ.டி.எப். படிகளுக்கோ இலவச இடம் 300 மெகாபைட் மாத்திரமே. அதற்கு மேற்பட்டவற்றைக் கைவசமுள்ள களஞ்சியக் கோப்புறையிலிருந்தே மீட்கவேண்டும். எட்டெழுத்துப் பெயருடைய உறைகளைப் பெயர் மாற்றாமல் அவ்வாறே புதிய களஞ்சியத்திலே வைத்தால், பதிவுகள் தத்தம் கட்டுரைகளை இனங்கண்டுகொள்ளும். எனினும் ஒத்திசைவைக் காப்புப்படி என்று நம்பியிருத்தல் தவறு. இங்கே தவறி நீக்கியது அங்கேயும் நீங்கும் என்பதே ஒத்திசைவின் இலக்கணம்.

ஏனைய மென்பொருள்களைப் பற்றி ஓரிரு சொற்கள். எண்ட்நோட் என்பது நூலகத்தை ஒரு கோப்பாகவும் அதே பெயருடைய தரவுக் கோப்புறையாகவும் பிரித்து வைத்திருக்கும். ஒன்றைப் பெயர்த்து மற்றதை மறந்தவர்கள் பலர். நூலகத்தை மீட்கும் கருவி அதனுள்ளேயே உண்டு. மெண்டலே என்னும் மென்பொருள் 2018 ஆம் ஆண்டிலே தன் தரவுத்தளத்தை மறைக்குறியிட்டுப் பூட்டியது. பாதுகாப்புக்கென்றே அவ்வாறு செய்யப்பட்டதாகக் கூறப்பட்டது. காரணம் எதுவாயினும், பழுது நேர்ந்தவிடத்துப் பயனர் தாமே கோப்பைத் திறந்து பார்த்துப் பதிவுகளை மீட்பதற்கு இருந்த வழி அத்தோடு அடைபட்டது. ஆராய்ச்சியாளர் தம் குறிப்புகளை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும்போது, விலை, அழகு, வசதி ஆகியவற்றோடு, பழுதுற்ற நாளிலே கோப்பைப் பிறர் திறந்து பார்க்க இயலுமா என்பதையும் கருத வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மேம்படுத்தல் ஒருவாறு நிறைவேறி நூலகம் திறந்தவுடனே பழைய படிகளை அழித்து இடத்தைச் சுத்தமாக்க முற்படுதல் ஆகாது. பதிவுகளின் தொகை முன்னிருந்த அளவோடு ஒத்திருக்கிறதா என்று முதலிலே பார்த்தல் வேண்டும். பின்னர் மிகப் பழைய பதிவுகள் சிலவற்றையும் மிகப் புதியவை சிலவற்றையும் திறந்து, கட்டுரையும் ஓரக்குறிப்பும் வருகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். எழுதிக்கொண்டிருந்த ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைத் திறந்து, அதிலுள்ள அடிக்குறிப்புகள் நூலகத்தோடு இன்னும் தொடர்புற்றிருக்கின்றனவா என்பதையும் புதுப்பித்துப் பார்க்கலாம். இவை யாவும் சரியாயினும், தனியே எடுத்து வைத்த கோப்புறை ஓரிரு மாதங்கள் அவ்வாறே இருக்கட்டும். தொகுப்பொன்றிலே சில பதிவுகள் குறைந்திருப்பது, அந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கும் நாளிலேதான் பலருக்குத் தெரியவருகிறது.